எலியா, மூசாங்கா, உடும்பா? தோட்டப் பட்டணத்து வீட்டில் தடயம் பார்த்து உயிரினத்தை அறியும் வழிகாட்டி

மலேசியாவில் சுங்கை சிப்புட், பகாவ், குளுவாங் போன்ற தோட்டப் பட்டணங்களில் புதிதாகக் குடியேறுவோருக்குப் பின்வேலிக்கு அப்பாலேயே செம்பனையோ பால்மரமோ தொடங்கிவிடுகிறது. இரவில் சிலிங்கில் ஏதோ ஓடும். காலையில் கார் நிற்கும் இடத்தில் இனம் தெரியாத எச்சம் கிடக்கும். நேற்று நட்ட மரவள்ளிக் கிழங்கு இன்று தோண்டப்பட்டிருக்கும். அக்கம்பக்கத்தில் கேட்டால் ஒருவர் பெருச்சாளி என்பார், இன்னொருவர் பாம்பு என்பார், மூன்றாமவர் சாமியாரை அழைத்து வரச் சொல்வார்.

நான் சுங்கை சிப்புட் ஓரத்துத் தாமான் ஒன்றுக்குக் குடிவந்த புதிதில், பூச்சி ஒழிப்பு நிறுவனம் ஒன்று ஆளை அனுப்பியது. வந்தவர் சிலிங்கைத் திறந்துகூடப் பார்க்காமல் எலி என்று முடிவு செய்து, நஞ்சு வைத்துவிட்டுப் பணத்தை வாங்கிச் சென்றார். ஓடியது எலியன்று, மூசாங், அதாவது மரநாய். நஞ்சைத் தின்று செத்த எலிகள் சுவரிடுக்கில் நாறினவே தவிர, சிலிங்கின் சத்தம் நிற்கவில்லை. எந்த உயிரினம் என்று உறுதியாகத் தெரியும்வரை நஞ்சோ பொறியோ வாங்கக் கூடாது, யாருக்கும் முன்பணம் தரக் கூடாது என்பதையே இந்தக் கட்டுரை முழுவதும் வலியுறுத்துகிறேன். அறிந்துகொள்வதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு; அறியாமல் செய்யும் செலவுதான் கையைக் கடிக்கிறது.

1. பார்க்க வேண்டிய நேரம்

முந்திய மாலை மழை பெய்து ஓய்ந்த நாளின் விடியலே தடயம் பார்க்க ஏற்றது. மழை பழைய தடங்களை அழித்து மண்ணைச் சமப்படுத்திவிடுவதால், காலையில் தெரிவதெல்லாம் அந்த இரவில் நடந்ததாகவே இருக்கும். நம் ஊரில் ஏழு மணி வாக்கில்தான் நன்றாக வெளுக்கிறது. ஏழிலிருந்து எட்டரைக்குள், வெயில் சாய்வாக விழும்போது தடத்தின் விளிம்புகள் நிழலிட்டுத் தெளிவாகத் தெரியும். உச்சிவெயிலில் அதே தடம் கண்ணுக்கே படாது. வீட்டார் எழுந்து வாசலைக் கூட்டுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும் என்பதை எல்லோரிடமும் முதல் நாளே சொல்லி வையுங்கள், ஏனெனில் தடயங்களில் பாதி விளக்குமாற்றால்தான் அழிகின்றன.

மண் இறுகிக் கிடக்கும் இடங்களில், சந்தேகப்படும் வழியில் சலித்த மணலை ஒரு முழ அகலத்துக்கு மெல்லியதாகப் பரப்பிவிடலாம். சிமெண்டுத் தரையானால் கோதுமை மாவு போதும். செலவு ஐந்து வெள்ளிக்குள் அடங்கும்.

2. தொடுவதற்கு முன்

வெறுங்கையால் எந்த எச்சத்தையும் தொட வேண்டாம், உலர்ந்த எச்சத்தை விளக்குமாற்றால் கூட்டவும் வேண்டாம். எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக்காய்ச்சல் நம் நாட்டில் உயிரைப் பறிக்கும் நோயாகவே இருந்து வருகிறது. ஈர மண்ணிலும் கால்வாய் நீரிலும் இருக்கும் கிருமி, காலிலுள்ள சிறு கீறல் வழியாகக்கூட உடலுக்குள் புகுந்துவிடும். ரப்பர் கையுறை, முகக்கவசம், மூடிய காலணி ஆகிய மூன்றும் போட்டுக்கொள்ளுங்கள். படம் எடுத்து முடித்தபின், ஒரு பங்கு குளோராக்ஸ் வெளுப்பு நீருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து எச்சத்தின் மேல் ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு, காகிதத்தால் வழித்து எடுங்கள்.

சுத்தம் செய்த அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலும், கெண்டைக்காலில் கடுமையான வலியும், கண் சிவப்பும் வந்தால் அரசாங்கக் கிளினிக்குக்குச் சென்று, எலி எச்சத்தைச் சுத்தம் செய்ததை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். குடிமக்களுக்கு அங்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான். இந்தத் தகவல் தெரியாமல் போனால் மருத்துவர் டெங்கியை மட்டும் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.

3. படமும் குறிப்பும்

ஒவ்வொரு தடயத்தையும் மூன்று படங்களாக எடுங்கள்: இடம் முழுவதும் தெரியும்படி தொலைவிலிருந்து ஒன்று, நேர் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பக்கத்தில் பள்ளி அளவுகோலை வையுங்கள். அது இல்லையென்றால் 50 சென் நாணயத்தை வைக்கலாம், புதிய வகை நாணயத்தின் விட்டம் ஏறக்குறைய 23 மில்லிமீட்டர். அளவு இல்லாத படத்தை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியாலும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள், நேரம், மழை பெய்ததா, எந்த இடம் என்று எழுதி வாருங்கள். ஒரு வாரம் எழுதினாலே வருவது பகலிலா இரவிலா, எந்தப் பக்கமாக வருகிறது என்பது புலப்பட்டுவிடும். பின்னர் புகார் கொடுக்க நேர்ந்தால் இந்தப் புத்தகமே உங்கள் முதல் ஆவணம். அவசரம் என்றால், அசைவு கண்டு தானாகப் படம் எடுக்கும் கேமரா ஒன்றை இருநூறு முந்நூறு வெள்ளிக்குள் இணையக் கடைகளில் வாங்கலாம். ஆனால் மணலும் மாவும் தோற்ற பிறகு வாங்கினால் போதும்.

4. எச்சம் சொல்லும் செய்தி

எல்லாத் தடயங்களிலும் எச்சமே அதிகம் பேசும். நிறத்தை நம்பாதீர்கள், அது தின்ற பொருளுக்கேற்ப மாறும். நீளம், முனை, உள்ளிருக்கும் பொருள், கிடந்த இடம் ஆகிய நான்கையும் பாருங்கள்.

சுண்டெலியின் எச்சம் 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை இருக்கும். கூரை எலியுடையது 12 மில்லிமீட்டர் வாக்கில், இரு முனையும் கூராக இருக்கும். கால்வாயில் திரியும் பெரிய எலியுடையது 18 மில்லிமீட்டருக்கும் மேல், முனைகள் மழுங்கியிருக்கும். பல்லியின் எச்சமும் சுண்டெலியின் எச்சமும் ஒரே அளவில் இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சிறு பொட்டு ஒட்டியிருந்தால் அது பல்லி, அதற்கு எந்த நடவடிக்கையும் தேவையில்லை. எலி எச்சத்தைப் போலவே இருந்து, குச்சியால் அழுத்தியதும் பொடிப்பொடியாகி, பொடியில் பூச்சியின் இறக்கைத் துணுக்குகள் மினுங்கினால் அது பூச்சி தின்னும் சிறு வௌவால். எலி எச்சம் காய்ந்தபின் அப்படி உதிராது.

கார் நிற்கும் இடத்திலும் வாசற்படியிலும் காலையில் கிடக்கும், இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள கறுத்த உருளை எச்சம் புதியவர்களை மிகவும் பயமுறுத்துகிறது. குச்சியால் பிரித்துப் பாருங்கள். உள்ளே முழுக்க எறும்புத் தலைகளும் வண்டின் ஓடுகளும் இருந்தால், விளக்கடியில் பூச்சி பிடிக்க வந்த தேரைதான் அதைப் போட்டுச் சென்றிருக்கிறது. சிறிய தேரை அவ்வளவு பெரிய எச்சமிடும் என்பதை நம்பக் கடினமாக இருக்கலாம், ஆனால் உண்மை அதுதான்.

மதில்மேலோ கூரையோரத்திலோ திரும்பத் திரும்ப ஒரே இடத்தில், விரல் பருமனில், பப்பாளி, ரம்புத்தான், செம்பனைப் பழங்களின் விதைகள் செரிக்காமல் நிறைந்திருக்கும் எச்சம் மூசாங்குடையது. அதன் அருகே பண்டான் இலையின் மணம் வீசுவதும் உண்டு; பேய் நடமாடும் மணம் என்று ஊரில் சிலர் சொல்வது இதைத்தான். மீன் செதிலும் நண்டு ஓடும் கலந்து, குளத்தோரத்தில் கடும் நாற்றத்துடன் கிடந்தால் நீர்நாய். உடும்பு, பாம்பு ஆகியவற்றின் எச்சத்தில் சுண்ணாம்பாய் ஒரு வெள்ளைப் பகுதி சேர்ந்திருக்கும். அதில் முடியோ இறகோ கலந்திருக்கலாம்.

சுவரில் வழிந்த கறையும், மென்று துப்பிய நார் உருண்டைகளும், வாழை மரத்தடியில் அரைகுறையாகக் கடித்த பழங்களும் பழந்தின்னி வௌவாலின் வேலை. அந்தப் பழங்களைப் பன்றிக்கோ கோழிக்கோ போடாதீர்கள், கடித்த பகுதியை வெட்டிவிட்டு மீதியைத் தின்னவும் வேண்டாம். 1998–99இல் நம் நாட்டில் பரவிய நிப்பா வைரஸின் இயற்கை இருப்பிடம் இந்த வௌவால்களே.

ஒன்றை மட்டும் எச்சம் என்று நினைத்துக் கழுவிவிடாதீர்கள். தகரக் கொட்டகையின் உத்தரத்துக்கு அடியிலோ உயர்ந்த மரத்தடியிலோ, கட்டை விரல் அளவில் கறுத்துப் பளபளக்கும் உருண்டைகள் கிடந்து, உடைத்தால் எலியின் மண்டையோடும் முடியும் வந்தால், அது கூகை விழுங்கிய எலியிலிருந்து செரிக்காததைக் கக்கிய உருண்டை. செம்பனைத் தோட்டங்கள் எலியைக் குறைக்கப் பெட்டி வைத்து வளர்ப்பது இந்தப் பறவையைத்தான். அது உங்கள் வீட்டுப் பக்கம் வேட்டையாடுகிறது என்றால் கொட்டகையைத் தொந்தரவு செய்யாமல் விடுங்கள், எலி நஞ்சை நிறுத்துங்கள். நஞ்சு தின்ற எலியைத் தின்று கூகையும் சாகும். இந்தப் பறவையைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அபசகுனம் என்று கல்லெறிந்து விரட்டுவோர் இன்னும் இருக்கிறார்கள் என்பதே.

5. காலடித் தடம்

விரல்களை எண்ணுங்கள், பிறகு நகக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு விரலும் நகக்குறியும் இருந்தால் நாய். நான்கு விரலிருந்து நகக்குறி இல்லையென்றால் பூனை இனம். ஐந்து விரலுடன் பூனையின் அளவில் இருந்தால் மூசாங்காக இருக்க வாய்ப்பு அதிகம். இரு பக்கமும் நீண்ட விரல்களும் கூரிய நகங்களும் பதிந்து, நடுவில் வால் இழுபட்ட கோடு வளைந்து வளைந்து சென்றால் அது உடும்பு. இந்தத் தடத்தை ஒருமுறை பார்த்தவர் மறுமுறை தவறவிடமாட்டார். இரண்டு குளம்புக்குப் பின்னால், ஈர மண்ணில் சிறிதாக மேலும் இரண்டு புள்ளிகள் பதிந்தால் காட்டுப்பன்றி. முன்காலில் நான்கும் பின்காலில் மூன்றுமாக விரல்கள் பதிந்தால் தப்பிர்.

காட்டோரத் தோட்டங்களில் புலித் தடமும் தெரியும். ஆள் உள்ளங்கை அகலத்துக்கு, நகக்குறியில்லாத நான்கு விரல் தடம் கண்டால் அதன் பின்னாலேயே போகாதீர்கள். படம் எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பி, அன்றே வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்கும், அதிகாலையில் அந்தப் பக்கம் பால் வெட்டப் போவோருக்கும் தெரிவியுங்கள்.

6. சிலிங்கில் கேட்கும் சத்தம்

நேரமும் எடையும்தான் இங்கே அளவுகோல். இருட்டியதும் மெல்லிய கால்கள் குறுகுறுவென்று ஓடி, கம்பியைக் கடிக்கும் ஒலியும் கேட்டால் எலி. அந்தி மயங்கும் சில நிமிடங்களில் கீச்சொலிகள் கேட்டுப் பிறகு அடங்கிவிட்டால் வௌவால். பகலில் ஓடினால் அணில். இரவு எட்டு ஒன்பது மணிக்கு ஒரு முறையும் விடியலுக்குச் சற்று முன் ஒரு முறையும், கனமான காலடி தொம் தொம்மென்று கேட்டு, சிலிங் பலகையில் மஞ்சள் கறை படிந்தால் மூசாங்.

மூசாங் என்று உறுதியானதும் ஓட்டையை உடனே அடைத்துவிடக் கூடாது. உள்ளே குட்டிகள் இருந்தால், தாய் வெளியில் மாட்டிக்கொண்டு கூரையைப் பிய்க்கும், குட்டிகள் உள்ளேயே செத்து நாறும். பகலில் மெல்லிய குரல் கேட்டால் குட்டிகள் இருக்கின்றன என்று கொள்ளுங்கள். அவை தாமாக நடமாடத் தொடங்க இரண்டு மூன்று மாதம் ஆகலாம், அதுவரை பொறுப்பதே எல்லோருக்கும் நல்லது. குட்டி இல்லையென்றால், இருட்டி ஒரு மணி நேரம் கழித்து, அது இரை தேடிப் போனபின் கம்பி வலையால் அடையுங்கள். கூரையைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள். வலையும் ஆணியும் ஐம்பது வெள்ளிக்குள் முடியும். கூரை ஏற ஆள் வைத்தால் மேலும் நூறு இருநூறு ஆகும்.

மூசாங், உடும்பு, மலைப்பாம்பு, எறும்புதின்னி ஆகியவை 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், அதாவது சட்டம் 716இன் கீழ், வருபவை. உரிமம் இல்லாமல் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். கம்பிச் சுருக்குக் கண்ணி வைப்பது எந்த விலங்குக்காக இருந்தாலும் குற்றமே. தோட்டத்தில் எல்லோரும் வைக்கிறார்கள் என்பது நீதிமன்றத்தில் எடுபடாது.

7. கோழிக் கொட்டகையும் காய்கறிப் பாத்தியும்

பகலில் முட்டையும் குஞ்சும் காணாமல் போனால் உடும்பைத் தேடுங்கள். இரவில் கோழியின் கழுத்திலும் தலையிலும் கடிபட்டு, உடல் அங்கேயே கிடந்தால் மூசாங். இறகுகூட உதிராமல் ஒரு கோழி மட்டும் மாயமாகிவிட்டால் மலைப்பாம்பு. கூடைகளுக்கு அடியிலும் மூலையிலும் விளக்கடித்துப் பார்க்காமல் கையை விடாதீர்கள், இரை விழுங்கியது நகர முடியாமல் அங்கேயே சுருண்டிருக்கலாம்.

பாத்தி முழுவதும் கிளறிப் புரட்டப்பட்டு, பக்கத்து மரத்தின் அடிப்பகுதியில் சேறு தேய்த்த தடம் இருந்தால் காட்டுப்பன்றி. கிழங்கின் மேல் உளி வைத்து இழுத்ததுபோல் இணையான பல்வரிகள் இருந்து, கறுப்பு வெள்ளை முள் ஒன்றும் கிடைத்தால் முள்ளம்பன்றி. தென்னங்கீற்று கத்தரியால் வெட்டியதைப் போல் முக்கோண வடிவில் குறைந்திருந்தால் குரங்கைத் திட்ட வேண்டாம், காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்திருக்கிறது. எறும்புப் புற்றும் கரையான் புற்றும் ஆழமாகக் கீறித் திறக்கப்பட்டிருந்தால் எறும்புதின்னி வந்து போயிருக்கிறது. அந்த இடத்தை வெளியாருக்குச் சொல்லாமல் அதிகாரிகளுக்கு மட்டும் சொல்லுங்கள், கடத்தல்காரர்கள் தேடி அலையும் விலங்கு அது.

செத்துக் கிடக்கும் காட்டுப்பன்றியைத் தொடவோ இறைச்சிக்காக வெட்டவோ வேண்டாம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021 முதல் நம் நாட்டில் இருப்பதால், கால்நடைத் துறைக்குச் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். அந்தக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றாது என்றாலும் உங்கள் காலணி வழியாக அடுத்த பன்றிப் பண்ணைக்குப் போய்விடும்.

8. பாம்புச் சட்டை

உரித்த சட்டை நீண்டு விரிவதால், அதை அளந்து பாம்பின் நீளத்தை முடிவு செய்யாதீர்கள். பாம்பு அதைவிடக் குட்டையாகவே இருக்கும். சட்டையை எறியாமல், தலைப் பகுதியையும் வயிற்றுச் செதில்களையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எலி மிகுந்த செம்பனைக்குள் நாகம் இயல்பாகவே இருக்கும்; நம் பக்கத்துக் கருநாகம் கண்ணைக் குறிவைத்து நஞ்சைப் பீய்ச்சும், ஆகையால் அருகில் சென்று கைப்பேசியை நீட்ட வேண்டாம். உயிருள்ள பாம்பைக் கண்டால் 999 அழைத்து தீயணைப்புத் துறையான பொம்பாவையோ பொதுத் தற்காப்புப் படையையோ கேளுங்கள், கட்டணம் இல்லை. கடிபட்டால் கீறுவதும் உறிஞ்சுவதும் கயிற்றால் இறுக்குவதும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேரே அரசாங்க மருத்துவமனைக்கு.

9. சுவரிலும் மரத்திலும் பூச்சித் தடம்

செலவு மிகுந்த ஏமாற்றங்கள் நடப்பது இந்தப் பகுதியில்தான், ஆகவே நிதானமாகப் படியுங்கள். சுவரில் பென்சில் பருமனில் மண் குழாய் ஏறியிருந்தால் கரையான். ஒரு விரல் நீளத்துக்கு உடைத்துவிட்டு இரண்டு நாள் காத்திருங்கள். மீண்டும் கட்டப்பட்டிருந்தால் கூட்டம் உயிரோடு இருக்கிறது. கட்டப்படாவிட்டால் அது கைவிட்ட பழைய குழாயாகவும் இருக்கலாம். கடையில் விற்கும் தெளிப்பானை அடிக்காதீர்கள். அது கரையானைக் கொல்வதைவிட வேறு மூலைக்கு விரட்டுவதே அதிகம்.

மழைக்குப் பின் விளக்கடியில் குவியும் இறக்கைகளில் நான்கும் ஒரே நீளமாக இருந்தால் கரையான் ஈசல். முன்னிறக்கை நீண்டிருந்தால் பறக்கும் எறும்பு. அலமாரிக்கு அடியில் கசகசா அளவிலான கெட்டித் துகள்கள் குவிந்தால் உலர்மரக் கரையான், முகப்பூச்சு மாவாக மென்மையான தூள் என்றால் மரம் அரிக்கும் வண்டு. உத்தரத்தில் கச்சிதமான வட்டத்துளையும் கீழே மரத்தூளும் இருந்தால் மரத்தேனீ, அவசரமில்லை. சுவரில் ஒட்டிய மண் கூடு தனித்து வாழும் குளவியுடையது, அதுவும் தொல்லையில்லை. கூரை நிழலின் உலர்ந்த மணலில் தெரியும் சிறு புனல் குழிகள் குழிநரி என்னும் பூச்சியுடையவை. காகிதம் போன்ற உறையுடன் தொங்கும் பெரிய கூடு மட்டும் கொடிய குளவியுடையது, அதற்கு 999.

உடம்பில் விழும் தடயமும் ஒன்று உண்டு. விளக்கு எரிந்த இரவுக்குப் பின் கழுத்திலோ கையிலோ கோடிழுத்ததுபோல் எரிந்து கொப்பளித்தால், கறுப்பும் ஆரஞ்சுமான சிறு வண்டை உறக்கத்தில் நசுக்கியிருக்கிறீர்கள். செமுட் காயாப் என்பார்கள். அதைக் கையால் தேய்க்காமல் ஊதித் தள்ளி, பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கரையான் உறுதியானால் குறைந்தது மூன்று நிறுவனங்களிடம் எழுத்தில் விலை கேளுங்கள். இரை வைத்து ஒழிக்கும் முறைக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும், பெரிய வீட்டுக்கு இரண்டு மூவாயிரம் வரை போகும், முடியச் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை பிடிக்கும். 1974ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் நிறுவனத்துக்கும், மருந்து இடுபவருக்கும் தனித்தனி உரிமம் வேண்டும். இரண்டையும் காட்டச் சொல்லிப் படமெடுங்கள். காட்டத் தயங்கினால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். உத்தரவாதக் காலமும் மறுவருகைகளும் ரசீதில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

10. புகார் கொடுக்கும் முறை

வனவிலங்கு என்றால் பெர்ஹிலித்தான். அவசர எண் 1-800-88-5151. பேராக்கில் மாநில அலுவலகம் ஈப்போவில் இருக்கிறது. பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி, வீட்டு முகவரி, கைப்பேசி வரைபடத்தில் எடுத்த இடக்குறி, அளவுகோலுடன் கூடிய படங்கள், நோட்டுப் புத்தகத்தின் பக்கங்கள், சேதத்தின் பட்டியல் ஆகியவற்றை ஒன்றாகத் திரட்டிக்கொண்டு அழையுங்கள். மலாயில் பேச வேண்டியிருக்கும் என்பதால் மரநாய்க்கு மூசாங், உடும்புக்கு பியாவாக், காட்டுப்பன்றிக்கு பாபி ஹூத்தான், முள்ளம்பன்றிக்கு லண்டாக், எறும்புதின்னிக்கு தெங்கிலிங் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் எதுவும் கிடையாது. யாராவது கேட்டால் தராதீர்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் மறுமுறை அழைத்தால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். மனித உயிருக்கு ஆபத்து இல்லாத புகார்கள் வரிசையில் நிற்கும். ஒரு வாரம் கடந்தும் பதில் இல்லையென்றால் அரசாங்கப் புகார் தளமான சிஸ்பாவில் அதே எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

தோட்டத்துக் குடியிருப்பில் இருப்பவர்கள் முதலில் ஆபீஸ் கிராணியிடம் (எழுத்தரிடம்) எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். தொழிலாளர் குடியிருப்பைப் பராமரிப்பது 1990ஆம் ஆண்டின் சட்டம் 446இன்படி முதலாளியின் பொறுப்பு. உடைந்த சிலிங்கையும் கூரையோர ஓட்டையையும் உங்கள் காசில் சரிசெய்துவிட்டுப் பிறகு கேட்பதைவிட, முத்திரையிட்ட நகலைக் கையில் வைத்துக்கொண்டு முன்னதாகக் கேட்பது எளிது. மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) வாய்வார்த்தையாகச் சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். நிர்வாகம் அசையாவிட்டால் மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் அவர்கள் முதலில் கேட்பது அந்த நகலைத்தான்.